கையெழுத்துக்கு முன் நின்றுபோன கதை

கைப்பேசியில் பிலோமினா அம்மாளின் பெயரைக் கண்டதும், இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேனா என்று கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்தேன். அப்போது நான் விழுப்புரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "மேடம், அவரு பூட்டாரு" என்றார். சற்று நிறுத்தி, "காலையில கஞ்சி குடிச்சாரு. வாயத் தொடச்சிவுட்டேன். அப்பிடியே சாஞ்சிக்கினாரு" என்றார். கடைக்காரர் நீட்டிய பையை வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். திண்டிவனம் வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான், சாவு வீட்டுக்கு முருங்கைக்காய்ப் பையோடு போய்க்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது.

பிலோமினா அம்மாளின் கணவர் அ. சூசைநாதன் அவர்கள் திண்டிவனத்தில் பத்திர எழுத்தராக இருந்தவர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் அவருக்கு ஒரு மேசை இருந்தது. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று சுற்றுப்பட்டு கிராமங்களின் நிலமெல்லாம் அவருடைய கைக்குக் கீழே கைமாறியிருக்கிறது. அவர் கதைகளும் எழுதினார் என்பது அந்தக் கொட்டகையில் பலருக்குத் தெரியாது. அச்சில் வந்தவை ஒரு சிறு தொகுப்புக்குக்கூடத் தேறாது. ஆனால் அந்தச் சில கதைகளை எழுதுவதற்கு அவர் எப்படிக் கற்றுக்கொண்டார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதைச் சொல்வதைத் தவிர அவருக்குச் செய்ய என்னிடம் வேறொன்றும் இல்லை.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, திண்டிவனம் ரயிலடிக்குப் பக்கத்தில் டுடோரியல் நடத்திக்கொண்டிருந்த வேலாயுதம், கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடலாம் என்று ஓர் அறிவிப்பு ஒட்டினார். நான் விழுப்புரம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். எழுதியதை யாரிடமாவது வாசித்துக் காட்ட வேண்டும் என்ற தவிப்பில் பேருந்து ஏறிப் போனேன். பள்ளிக்கூடப் பெஞ்சுகளில் எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். வேலாயுதம் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். எழுதியவர் வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள், எல்லோரும் பேசி முடிக்கும் வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் மாதமே சூசைநாதன் அவர்கள் ஒரு கதை கொண்டுவந்திருந்தார். சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பி கதை. எழுந்து நின்று, கணீரென்று வாசித்தார்: "மேற்படி கிராமத்தில் வசிக்கும் மேற்படி இருவரில் மூத்தவரான தங்கராசு என்பவர், இளையவரான மேற்படியாரை நோக்கி, இன்று முதல் உனக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை எனக் கூறி, கிழக்கே வேப்பமரம், மேற்கே கிணறு, இவற்றுக்கு உட்பட்ட வாசலிலிருந்து வெளியேறினார்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். நானும் சிரித்தேன். விதிப்படி அவர் பேசாமல் நின்றார். நாங்கள் அடங்கியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கரெக்டுதாங்க. வேலைக்கு வந்ததுலேருந்து இதே எழுத்துதான். வேற மாதிரி எழுதச் சொன்னா கைக்குத் தெரியல. நீங்கள்லாம் சொல்லுங்க, கத்துக்கறேன்."

அடுத்த மாதம் அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், அதே கதையைத் திருத்தி எழுதிக்கொண்டு. 'மேற்படி'களை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார். அந்த இடங்களில் நிலவும் தென்றலும் வந்து உட்கார்ந்திருந்தன. இதற்கு அதுவே தேவலாம் என்று வேலாயுதம் சொன்னார். சூசைநாதன் அவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்த மாதம் நிலவை எடுத்துவிட்டு வந்தார். ஒரு வருடத்துக்கும் மேல் அந்த ஒரே கதையோடு அவர் மல்லுக்கட்டினார். எங்களில் பலர் புதிது புதிதாக எழுதி அவற்றை மறந்துபோனோம்.

பிறகு மெல்ல ஒரு மாற்றம் வந்தது. கையெழுத்துப் போட வந்து காத்திருக்கும் மனிதர்களின் பேச்சை அவர் கேட்கத் தொடங்கினார். யார் எதை விற்கிறார்கள் என்பது அவருக்கு முன்பே தெரியும். விற்று முடித்ததும் என்ன பேசுகிறார்கள் என்பதை இப்போதுதான் கேட்டார். அந்த நாளில் என் கதைகளில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள். ஒருமுறை நான் வாசித்து முடித்ததும் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், தப்பா நெனைச்சிக்காதீங்க. உங்க கதையில ஜனங்க பேசி முடிச்ச ஒடனே அழுவுறாங்க. எங்க ஆபீஸ்ல பரம்பரை நெலத்த எழுதிக் குடுத்துட்டு, ஆளுங்க மொதல்ல கேக்கறது, இந்தப் பேனாவ எங்க வெக்கறதுன்னுதான்."

அன்றிலிருந்து என் எழுத்து மாறியது என்று சொன்னால் மிகையில்லை. இன்னொரு முறை அவர் சொன்னதையும் நாங்கள் பலரிடம் சொல்லியிருக்கிறோம்: "பத்திரத்துல ஒரு வார்த்த வுட்டுட்டா கேஸ் ஆயிடும். கதையில ஒரு வார்த்த கூடிட்டா கத செத்துடுது. ரெண்டுக்கும் நடுவுல நான் மாட்டிக்கினு கெடக்கறேன்."

நிலத்தை விற்றுவிட்ட ஒருவன், பிறகும் மாலை தோறும் போய் அந்த மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி மேய இறங்கும் ஆடுகளை விரட்டுகிற கதைதான் முதலில் அச்சில் வந்தது. வாங்கியவர் அவனை ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் அவரும் கூடவே நின்று ஆடு விரட்டுகிறார். இதழின் படிகளைச் சூசைநாதன் அவர்கள் வாங்கிக் கொட்டகையில் எல்லோருக்கும் கொடுத்தார். பக்கத்து மேசைக்காரர் படித்துவிட்டு, சர்வே நம்பர் போடவில்லையே என்று கேட்டாராம். அதை எங்களிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பில் பேச்சே வரவில்லை.

அப்படிச் சிரிக்கிற மனிதர் ஒரு நாள் ஒரே அடியில் வாடிப்போனார். நாலைந்து கதைகள் வந்த பிறகு, வேலாயுதம் அவற்றை எல்லாம் சேர்த்துப் படித்துவிட்டு ஒன்று சொன்னார்: "எல்லாம் நல்லாருக்கு சார். ஆனா எல்லாக் கதையிலயும் பத்திரம் எழுதறவரு மட்டும் நல்லவராவே இருக்காரு."

அன்று பேருந்து நிலையம் வரை அவர் என்னோடு நடந்து வந்தார். என் வண்டி வந்து நின்ற பிறகு, அது போகட்டும், அடுத்ததில் போங்கள் என்றார். அப்போதுதான் அவருடைய அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அவருக்கு உடன்பிறந்தவர் ஒரே ஒருவர், அக்கா ஞானம்மா. கூட்டேரிப்பட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் அப்பா கூலி வேலை செய்து, வயதான காலத்தில் சிறிதளவு புன்செய் வாங்கியிருந்தார். அவர் இறந்ததும் அது இருவருக்கும் சேர வேண்டியது. அக்காவைக் கண்டாச்சிபுரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பெண்கள் பங்கு கேட்பதில்லை என்பது ஊர் வழக்கம். தம்பி வரச்சொன்னார், அக்கா வந்தார், பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தம்பி எழுதிய விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். வருடங்கள் கழித்து வீடு கட்டுவதற்காக அந்த நிலத்தையும் விற்றாயிற்று. திருப்பிக் கொடுக்கவும் ஒன்றுமில்லை.

"எழுதனது நான். படிச்சிக் காட்டுனது நான். எங்க போடறதுன்னு வெரல் வெச்சிக் காட்டுனதும் நான்" என்றார். "இத எழுதாம மத்ததெல்லாம் எழுதிக்கினு இருக்கறேன், பாருங்க."

அந்தக் கதையை அவர் எழுதத் தொடங்கினார். அலுவலக வாசலில் ஒரு பெஞ்சில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே பெயர் கூப்பிடப் போகிறார்கள். அதுவரை அவர் எழுதிய எதையும்விட அது நன்றாக இருந்தது. அவள் செருப்பின் அறுந்த வார், தாழ்வாரத்துத் தூணில் அப்பிய மை, தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் தாள்களை அடுக்குவது என்று எல்லாம் கண்முன் நின்றன. ஆனால் அவளைக் கூப்பிடும் இடத்தில் கதை நின்றுவிடும். அவள் மனதில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. கோபம் என்று எழுதினால் பொய்யாக இருக்கிறது, பாசம் என்று எழுதினால் தனக்குச் சாதகமாக எழுதுவதாக இருக்கிறது என்பார். எழுதுவார், கிழிப்பார்.

போய் அக்காவிடமே கேளுங்கள் என்று நான்தான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டாச்சிபுரம் போனார். அக்கா கேப்பைக் களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்துப் போட்டார். பிள்ளைகளை விசாரித்தார். பேருந்து ஏற்றிவிட்டார். சூசைநாதன் அவர்கள் கேட்காமலேயே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"கேட்டா அழுவாங்கன்னு இல்ல மேடம். அழாம இருந்துடுவாங்களோன்னு பயம்."

ஆண்டுகள் ஓடின. என் ஆபரேட்டர் வேலை இல்லாமலாகி, பில் கவுன்டருக்கு மாற்றினார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் வேலாயுதமும் நானும் சூசைநாதன் அவர்களும் மட்டும் எஞ்சினோம். அவர் ஒவ்வொரு முறையும் அந்தக் கதையின் முன்பகுதியில் ஒரு வரியைச் செதுக்கிக்கொண்டு வருவார். முடிவு மட்டும் வரவில்லை. அவசரமில்லை என்பார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரு கிரயப் பத்திரத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நாக்கு குழறி, வலது கை மேசையிலிருந்து நழுவியது. பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

பேச்சு போனது என்றால் முழுவதும் போகவில்லை. அதுதான் கொடுமை. தண்ணீர் வேண்டும் என்று அவரால் கேட்க முடியாது. மனைவியின் பெயர் வராது. ஆனால் பிலோமினா அம்மாள் ஜெபமாலையை எடுத்து முதல் வார்த்தையைச் சொன்னால், ஜெபம் முழுவதையும் தடையில்லாமல் சொல்லி முடிப்பார். மருத்துவர் விளக்கினார். யோசித்துப் பேசும் பேச்சு வேறு, வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் படிந்துபோன சொற்கள் வேறு. அவை மூளையின் இன்னொரு மூலையில் தப்பிக் கிடக்கலாம் என்றார்.

ஜெபத்தோடு இன்னொன்றும் தப்பியிருந்தது. அது என்னவென்று நாங்கள் அறிந்தது, அவர் வீடு திரும்பியபின் அக்கா பார்க்க வந்த நாளில்.

நானும் அங்கே இருந்தேன். ஞானம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, செத்துப்போன அந்த வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, நான் யாருன்னு தெரியுதாடா?" என்று கேட்டார். தம்பியின் முகம் கோணியது. உதடுகள் எதையோ தேடின. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு, நன்றாக, கணீரென்று, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது: "என் மனப்பூர்வமான சம்மதத்தின் பேரில்... இனி மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் இல்லை."

ஞானம்மா கையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"இன்னைக்கும் அதையே படிக்கிறான் பாரு" என்றார்.

சூசைநாதன் அவர்கள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். கண்ணிலிருந்து நீர் கொட்டியது. மறுபடி வாய் திறந்தார். மறுபடி அதே வாக்கியம்தான் வந்தது. இடது கையால் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். நான் பாய்ந்து போய் ஞானம்மாவிடம் சொன்னேன். இது நோய், அவர் சொல்ல நினைப்பது இதுவல்ல, இத்தனை வருடமாக உங்களை நினைத்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார் என்றெல்லாம் சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவன் இன்னா சொல்ல நெனைக்கிறான்னு நீ எப்டிம்மா சொல்றே?" என்றார்.

எழுதுகிறவள் என்று சொல்லிக்கொள்கிற நான், ஒரு மனிதர் மனதில் இருப்பதை இன்னொருவருக்குப் புரியவைக்க முடியாமல் அந்த அறையில் நின்றேன். ஞானம்மா காபி குடிக்காமல் எழுந்து போனார்.

பிறகு வேலாயுதமும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டிலேயே கூடினோம். எங்கள் கதைகளை அவருக்கு வாசித்தோம். ஒரு வாக்கியத்தைக்கூடச் சொந்தமாக அமைக்க முடியாத அந்த மனிதருக்கு, நாங்கள் அமைத்ததில் எது பழுது என்று தெரிந்தது. தேவையில்லாத ஒரு வார்த்தை வந்தால் இடது கை கட்டிலைத் தட்டும். நாங்கள் நிறுத்தி, அந்த வார்த்தையை எடுத்துவிட்டு மறுபடி படிப்போம். கை அசையாது. அவருடைய கதைக்கு நாங்களே முடிவு எழுதிப்பார்த்தோம். வேலாயுதம் ஒன்று, நான் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் கை கட்டிலைத் தட்டிக்கொண்டே இருந்தது, நாங்கள் தாளை மடிக்கும் வரை.

ஞானம்மா மறுபடியும் வந்தார். கோபம் தீர்ந்துதான் வந்தாரா, உடன்பிறப்பின் உடம்பு கெட்டுவிட்டது என்பதற்காக வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்து மருந்து எடுத்துக்கொடுத்தார், துணி துவைத்துப் போட்டார். அப்படி வந்த ஒரு நாளில், சூசைநாதன் அவர்கள் இத்தனை வருடமாகக் கேட்க முடியாமலிருந்ததை அவர் முன்னாலேயே நான் கேட்டேன். அன்றைக்கு அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்து என்னம்மா நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று.

ஞானம்மா ஈரத் துணியை உதறிக்கொண்டே சொன்னார்: "இன்னா நெனைச்சேன்... இவன் காலையிலேருந்து ஒண்ணியும் துண்ணல. மொகம் வத்திப்போயிருந்துச்சி. உள்ள கூப்புடறதுக்குள்ள ஒரு டீ வாங்கிக் குடுக்கலாமான்னு பாத்துக்கினு இருந்தேன். எங்கப்பன் நெலத்த என்கிட்டேருந்து எழுதி வாங்கறானேன்னு வயிறும் எரிஞ்சிச்சி. ரெண்டும்தான் இருந்துச்சி."

சூசைநாதன் அவர்கள் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை நீட்டி விரல்களைச் சேர்த்துக் காட்டினார். பேனா கேட்கிறார் என்று பிலோமினா அம்மாளுக்குப் புரிந்தது. அட்டையில் தாள் வைத்துப் பிடித்துக்கொண்டோம். வெகுநேரம் எழுதினார். வியர்த்து ஊற்றியது. தாளில் வளைவுகளும் கோடுகளும் மட்டுமே இருந்தன, ஓர் எழுத்தும் கூடவில்லை. அவர் அதைப் படிக்க முயன்றார். அவராலும் முடியவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தார். நீங்கள் தலையசைத்தால் போதும், அக்கா சொன்னதை நான் எழுதிவிடுகிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்து, பேனாவோடு என் விரல்களை மடக்கினார். கோபமில்லை அந்தப் பிடியில். ஆனால் வேண்டாம் என்பது தெளிவாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் பேனா கேட்கவே இல்லை. போகப் போக நாங்கள் வாசிக்கும்போது கை கட்டிலைத் தட்டுவதும் குறைந்தது. எங்கள் எழுத்து திருந்திவிட்டது என்று வேலாயுதம் வேடிக்கையாகச் சொன்னார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அடக்கத்துக்கு அவருடைய சொந்தக் கிராமத்துக்குப் போனோம். கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். பத்திரக் கொட்டகைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழி மூடி, கூட்டம் கலைந்த பிறகு ஞானம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். அழுது முடித்த முகம். "அவன் என்னப் பத்தி ஒரு கத எழுதிக்கினு இருந்தான்னு சொன்னியே, அத முடிச்சானா?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, உங்களை உள்ளே கூப்பிடும் இடத்திலேயே நின்றுவிட்டது என்றேன்.

அவர் கையில் ஒட்டிய மண்ணை முந்தானையில் துடைத்தார். குறை சொல்லும் குரலில் அல்ல, தெரிந்துகொள்ளக் கேட்பவரைப் போலத்தான் கேட்டார்:

"அப்ப நான் இன்னும் அந்த பெஞ்சிலியே குந்திக்கினு இருக்கறனா?"

சூசை சார், இந்தக் கேள்வி உங்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். எங்களுக்குப் பதில் தெரியவில்லை, எழுதவும் தெரியவில்லை. போய் வாருங்கள்.